கம்பியில் மாட்டினால் கம்பியிலேயே விடுங்கள்

ட்ரோன் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எவ்வளவு உயரம் போகும் என்று. அடுத்தது, எவ்வளவு தூரம் போகும். அதற்கடுத்தது, செஞ்சிக் கோட்டைக்கு மேலே விடலாமா. எப்படி இறக்குவது என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. ஏறினது தானாக இறங்கிவிடும் என்று நினைக்கிறார்கள். இறங்கத்தான் செய்யும். எங்கே, எப்படி, யார் தலையில் என்பதுதான் பேச்சு.

என் அண்ணன் ஒரு ட்ரோனால் செத்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் திட்டும்போது, இந்தப் பெண்ணுக்கு ஏன் இவ்வளவு வாய் என்று யாரும் கேட்க வேண்டாம்.

செஞ்சியில் கல்யாணங்களுக்குப் போட்டோ, வீடியோ எடுக்கிற ஒரு ஸ்டுடியோவில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். அவன் வெளியே போய் ட்ரோன் ஓட்டுவான். நான் உள்ளே உட்கார்ந்து ஆல்பம் செய்வேன். ஒன்பதாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன், அவன் பத்தாவதில் தவறினான். ட்ரோன் வந்தபோது இரண்டு பேரும் சேர்ந்துதான் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஓட்டப் பழகினோம். அவனைவிட நான் நன்றாக இறக்குவேன். அதை அவனே எல்லோரிடமும் சொல்வான்.

சிங்கவரத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு நடக்கும்போது, மாப்பிள்ளையின் சிநேகிதன் ஒருத்தன், ஒரு ரவுண்டு நான் ஓட்டுகிறேன் என்று ரிமோட்டைக் கேட்டிருக்கிறான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை செய்கிறவன். கொடுக்கச் சொன்னது எங்கள் ஓனர். அந்தப் புத்திசாலி அதை நேராகக் கொண்டுபோய்க் கரண்ட் கம்பியில் மாட்டினான். இந்த இடம்வரை அங்கே இருந்த எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். பந்தல்காரர்கள் வைத்திருந்த அலுமினியப் பைப்பை எடுத்துக்கொண்டு அண்ணன் அதைத் தட்டிவிடப் போனான். அவ்வளவுதான். அந்தச் சிநேகிதன் சாப்பிடாமல்கூடக் காரில் ஏறிப் போய்விட்டானாம். அவன் சாப்பிடாததைப் பெரிய துக்கம் மாதிரி எங்கள் வீட்டில் வந்து சொன்னார்கள்.

சாவுக்கு வந்த ஓனர் எங்கள் அம்மாவிடம் சொன்னது இது: "நான் வேணாம் வேணாம்னு கத்துனேங்க்கா. அவன் காதுலயே வாங்கல."

அம்மா அதை நம்பிவிட்டாள். அண்ணன் சின்ன வயதிலிருந்தே பனைமரம், தண்ணீர் டேங்க் என்று எதைப் பார்த்தாலும் ஏறுகிறவன். அம்மாவின் அழுகை அன்றிலிருந்து கோபமாகிவிட்டது. குழாயடியில் நின்று நாலு பெண்கள் கேட்க, கொழுப்பெடுத்துப் போய்ச் செத்தான் என்று அவனைத் திட்டுவாள். சோறு போடும்போது திட்டுவாள். பெங்களூரில் கட்டடங்களுக்குச் சென்ட்ரிங் வேலை செய்கிற எங்கள் நைனா போன் செய்தாலும் அவனைத் திட்டிவிட்டுத்தான் மற்றப் பேச்சு. செத்தவனை ஊரே பாவம் என்கிறது, பெற்றவள் மட்டும் அறிவு கெட்டவன் என்கிறாள். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பைப்பை அவனாக எடுத்தானா, இல்லை எடுக்கச் சொன்னார்களா. பந்தல்காரர்கள் வேறு ஊர். அவர்களைத் தேடிப் போய்க் கேட்டபோது, நாங்கள் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தோம், பார்க்கவில்லை என்றார்கள். அவர்களுக்கு அடுத்த சீசனுக்கும் பந்தல் போட வேண்டும், பாவம்.

வேலையை நான் விடவில்லை. ஒன்று மட்டும் மாற்றிக்கொண்டேன். அதுவரை ஓனரை அண்ணா என்று கூப்பிடுவேன், அப்புறம் சார் என்று கூப்பிட ஆரம்பித்தேன். மரியாதை கூடிவிட்டது என்று அவர் சந்தோஷப்பட்டிருப்பார்.

ட்ரோன் பழக்கிவிடச் சொல்லி வருகிறவர்களைப் பற்றிச் சொல்கிறேன். வாங்கின அன்றைக்கே கோட்டைக்கு ஓடுகிறவர்கள் ஒரு ரகம். அங்கே அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது என்று போர்டு இருக்கிறது. அதை வாசித்துவிட்டு, போர்டுக்குப் பின்னால் போய் நின்று ட்ரோனை விடுவார்கள். வாட்ச்மேன் வந்து பிடித்தால், தெரியாது சார் என்பார்கள். கோட்டைக் குரங்குக்கு இருக்கிற அறிவு இவர்களுக்கு இல்லை. சத்தம் கேட்டால் அது ஒதுங்கிப்போய் உட்கார்ந்துகொள்கிறது. இவர்கள் இன்னும் கிட்டே போகிறார்கள்.

மாடியில் தகரக் கொட்டகை மேல் வைத்து ஏற்றுகிறவர்கள் இன்னொரு ரகம். ட்ரோனுக்குள் திசை பார்க்கிற ஒன்று இருக்கிறது. பக்கத்தில் இரும்பு இருந்தால் அதற்குக் குழம்பிவிடும். வடக்கு என்று நினைத்துக் கிழக்கே போகும். போர்வெல் மூடி மேல் வைக்காதீர்கள், கார் மேல் வைக்காதீர்கள், வெறும் தரையில் ஒரு அட்டையைப் போட்டு வையுங்கள் என்று சொன்னால், அட்டை போட்டோவில் அசிங்கமாகத் தெரியுமே என்று ஒருத்தன் கேட்டான். விழுந்து நொறுங்கினதுதான் அழகாகத் தெரியும் போல.

திண்டிவனத்திலிருந்து ஒருவர் வந்தார். ஏதோ பெரிய வேலையில் இருக்கிறவராம். ரிமோட்டில் வீட்டுக்குத் திரும்பி வரச் சொல்கிற பட்டன் ஒன்று உண்டு. அதை அமுக்கினால் ட்ரோன் ஏறின இடத்துக்கே வந்துவிடும். அவருக்கு அந்தப் பட்டன் போதும், மற்றது எதுவும் தெரிய வேண்டாம். எத்தனை உயரத்தில் திரும்ப வேண்டும் என்பதை முன்னாடியே சொல்லி வைக்க வேண்டும், சுற்றி இருப்பதிலேயே உயரமான மரத்துக்கும் டவருக்கும் மேலே இருக்க வேண்டும் என்றேன். சரி சரி என்றார். சரி சரி என்கிறவன் எதையும் கேட்கவில்லை என்று அர்த்தம். அது பனைமட்டை உயரத்தில் திரும்பி வந்தது, பனைமட்டையிலேயே தங்கிவிட்டது. என்னைப் பார்த்து, நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

ஏற்றும் முன் பேட்டரி முழுதாக இருக்கிறதா, றெக்கையில் கீறல் இருக்கிறதா, சாட்டிலைட் பிடித்துவிட்டதா என்று பார்க்கச் சொன்னால், பேட்டரியை மட்டும் பார்ப்பார்கள். காற்று அடிக்கும்போது விடாதே என்றால், இதெல்லாம் ஒரு காற்றா என்பார்கள். இடுப்பு உயரத்தில் வரும்போது கையால் பிடிக்கப் போய் விரலைக் கிழித்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். தாலி கட்டும்போது கூட்டத்தின் தலைக்கு மேலே நிறுத்தி வைக்கச் சொல்கிற மாமன்களையும் தெரியும். அது மேலேயே நிற்கும் என்று உங்களுக்கு யார் எழுதிக் கொடுத்தது?

இந்த எல்லோரையும் சேர்த்துப் பிசைந்து ஒரு ஆளாகப் பிடித்தால் அதுதான் எங்கள் ஓனர்.

தை மாதத்துக்குக் கல்யாணங்கள் நிறைய ஒப்புக்கொண்டிருந்தார். ட்ரோன் ஓட்ட ஆள் இல்லை. நான் ஓட்டுகிறேன் என்றேன். பொம்பளைப் பிள்ளை ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றால் கல்யாண வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று அவருக்குக் கவலை. அதனால் நான் அவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும், அவர் போய் ஓட்டுவார். புது ட்ரோனும் வாங்கிவிட்டார். ஆனாலும் சரி என்றேன். தனியாக நின்று பேசப் பேச, ஒரு நாள் வாய் தவறி உண்மை வந்துவிடாதா என்றுதான்.

சிங்கவரம் போகிற வழியில், வேர்க்கடலை பிடுங்கிவிட்ட ஒரு கொல்லை நிலத்தில் பழகினோம். அவர் ஒரு பிளாஸ்டிக் சேர் கொண்டுவருவார். கூலிங்கிளாஸைக் கழற்ற மாட்டார், அப்புறம் ஸ்கிரீன் இருட்டாக இருக்கிறது என்பார். ரிமோட்டில் இருக்கிற குச்சியை விரலால் மெதுவாகத் தள்ள வேண்டும். இவர் ஆட்டோ ஹாரனை அமுக்குகிற மாதிரி அமுக்குவார். அண்ணனைப் பற்றி நான் பேச்செடுத்தால், "விதிம்மா" என்று சொல்லிவிட்டு வானத்தைப் பார்ப்பார். ட்ரோனை அந்த மாதிரி அண்ணாந்து பார்த்திருந்தால் ஓட்டவாவது கற்றுக்கொண்டிருக்கலாம்.

அவருக்கென்று ஒரு வார்த்தை உண்டு: லேசா. ஆல்பத்தில் பெண்ணின் முகத்தை லேசா வெளுக்க வேண்டும். மாமனாரின் தொப்பையை லேசா உள்ளே தள்ள வேண்டும். லீவு கேட்டால், லேசா வேலையை முடித்துவிட்டுப் போ என்பார். அந்த லேசா முடியும்போது விடிந்துவிடும்.

இப்போது பொட்டு விஷயம். ஆயுத பூஜைக்கு எல்லாக் கடையிலும் கம்ப்யூட்டர், பிரிண்டர், பைக், கத்தரிக்கோல் எதையும் விடாமல் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். நானும் வைப்பேன், அதில் தப்பில்லை. எங்கள் ஓனர் வீட்டம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஸ்டுடியோவுக்கு வந்து பூஜை செய்வார். புது ட்ரோன் வந்ததும் அதற்கும் பொட்டு. எங்கே? ட்ரோனுக்கு முன்பக்கம் இரண்டு கண் இருக்கிறது, வயிற்றில் இரண்டு கண் இருக்கிறது. எதிரே சுவர் இருக்கிறதா, கீழே தரை எவ்வளவு தூரம் என்று அது அந்தக் கண்ணால்தான் பார்க்கிறது. அந்த அம்மா முன்பக்கத்து இரண்டு கண்ணிலும் குறி தவறாமல் சந்தனத்தை அப்பி, அதன் மேல் குங்குமத்தை வைத்தார். பொட்டு வைக்க அளவாக இரண்டு குழி இருக்கிறதே என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

கண்ணாடி துடைக்கிற துணியால் நான் அதைத் துடைக்கப் போனதும் ஓனருக்குக் கோபம் வந்தது. சாமிக்கு வைத்ததை அழிக்கலாமா என்றார். முதுகில் வைக்கச் சொல்லுங்கள், பேட்டரி மேல் வைக்கச் சொல்லுங்கள், கண்ணில் வேண்டாம் என்றேன்.

"பொட்டுன்னா நெத்திலதாம்மா வெக்கணும்."

"நெத்தில வெச்சா நான் ஏன் சார் கேக்கறேன்? இது கண்ணு."

"லேசாத்தான இருக்குது, வுடு."

நான் விடவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த அம்மா வைப்பார், ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் துடைப்பேன். ஏற்றும் முன் நான்கு கண்ணையும் பாருங்கள், துடையுங்கள் என்று ஓனருக்கு எத்தனை முறை சொன்னேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

அப்படி ஒரு சனிக்கிழமை காலையில் நான் சைக்கிளில் போய்ச் சேர்வதற்குள் அவர் ட்ரோனை ஏற்றிவிட்டார். பெட்டி திறந்து கிடந்தது. மூடியில் குங்குமம் கொட்டியிருந்தது. ட்ரோன் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே அசையாமல் நின்றது. அவர் குச்சியை முழுசாக முன்னால் அமுக்கிப் பிடித்திருக்கிறார், அது ஒரு அடிகூட நகரவில்லை. கெட்டுப்போன ட்ரோனைப் புதுசு என்று தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

கெட்டுப்போகவில்லை. கண்ணுக்கு எதிரே சந்தனம் அப்பியிருந்தது. அது சந்தனத்தைச் சுவர் என்று நினைத்து நின்றுவிட்டது. சொல்லப்போனால் அங்கே இருந்தவர்களில் சரியாக நடந்துகொண்டது அது ஒன்றுதான். அப்படியே கீழே இறக்குங்கள், கண்ணைத் துடைத்துவிட்டு ஏற்றலாம் என்றேன். ஒரு நிமிஷம்மா என்றார். ரிமோட்டில் வேகமாக ஓட்டுவதற்கு ஸ்போர்ட் என்று ஒரு ஸ்விட்ச் உண்டு. அதைத் தள்ளினால் எதிரே எது இருந்தாலும் ட்ரோன் பார்க்காது, நிற்காது. பழகும்வரை அந்தப் பக்கம் விரலையே கொண்டுபோகாதீர்கள் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். நேராக அதைத்தான் தள்ளினார். குச்சி முழுசாக அமுங்கியே இருந்தது.

அது பாய்ந்தது. அவர் பயந்து மேலே தூக்கினார். கொல்லைக்கு அந்தப் பக்கம் மோட்டார் கொட்டகைக்குப் போகிற கரண்ட் கம்பி. கேமராவில் கம்பி தெரியாது. வெயிலில் நூல் மாதிரிகூடத் தெரியாது. போய் மாட்டிக்கொண்டு றெக்கை நின்றது. இரண்டு கம்பிக்கு நடுவில் கால் சிக்கிக்கொண்டு தொங்கியது.

பக்கத்தில் ஒருவர் ஆட்டுக்குத் தழை அறுத்துக்கொண்டிருந்தார். கையில் நீளமான மூங்கில் தொரட்டி, நுனியில் இரும்புக் கொக்கி. ஓனர் என்னைப் பார்க்கவில்லை. அவரைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"யோவ், அந்தத் தொரட்டிய எடுத்துனு வா. லேசா தட்டி வுடு. கம்பில படாம தட்டுனா ஒண்ணும் ஆவாது."

ஆட்டுக்காரர் அண்ணாந்து பார்த்தார். "இது தழ அறுக்கிற தொரட்டி சார். ஏரோப்ளேன் எறக்குற வேலைக்கெல்லாம் வராது."

"வரும் வா. நான்தான் சொல்றேன்ல, லேசா."

அவருடைய மகள் கல்யாணத்துக்குப் போட்டோ எடுத்தது எங்கள் ஸ்டுடியோதான். ஓனர் சொல்லை எப்படித் தட்டுவது என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் ஏறினார். வரப்பில் பனி ஈரம் காயவில்லை.

நான் ஓடிப்போய் அந்தத் தொரட்டியைப் பிடுங்கினேன். தரையில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். வேறு எப்படித் தடுப்பது என்று தெரியவில்லை. ஓனர் வந்து எழுந்திரு என்றார், புது ட்ரோன்மா என்றார், கீழே விழுந்தால் உடைந்துவிடும் என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"எங்க அண்ணங்கிட்டயும் இப்டித்தான் சொன்னீங்களா சார்? லேசா தட்டி வுடுன்னு?"

இல்லை என்று உடனே சொல்வார் என்று நினைத்தேன். அந்தப் பொய்யைத்தான் அவ்வளவு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாரே. அவர் கூலிங்கிளாஸைக் கழற்றினார். பழகின இத்தனை நாளில் அன்றைக்குத்தான் கழற்றினார்.

"அன்னிக்கு நெலம வேறம்மா. மாப்ள வூட்டுக்காரங்க அவ்ளோ பேரும் பாத்துனு நிக்கிறாங்க. நான் இன்னாதான் பண்ணட்டும்?"

ஆட்டுக்காரர் அவரையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். சிங்கவரத்துக்காரர் அவர், அந்தச் சாவு அவருக்குத் தெரியும். "அப்போ அந்தப் புள்ளைய அனுப்புனது நீதானா?" என்று கேட்டார். சார் என்ற வார்த்தையை விட்டுவிட்டார். ஓனர் பிளாஸ்டிக் சேரை மடக்க முடியாது என்பது மறந்து மடக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கரண்ட் ஆபீசுக்கு நான்தான் போன் செய்தேன். லைன்மேன் வந்து டிரான்ஸ்பார்மரில் சப்ளையை நிறுத்திவிட்டு, தடியை வைத்து அதை எடுத்துக் கொடுத்தார். கொஞ்ச நேர வேலை. அந்தக் கல்யாணத்திலும் ஒரு போன் செய்திருந்தால் இதே கொஞ்ச நேர வேலைதான். மேளக்காரர் இன்னும் இரண்டு பாட்டு வாசித்திருப்பார், மாப்பிள்ளை இன்னும் கொஞ்சம் வேர்த்திருப்பான். லைன்மேன் எங்களைத் திட்டினார். இத்தனை பெரிய வெட்டவெளியில் கம்பிதான் கிடைத்ததா என்றார். ஓனர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் வந்து, இதையெல்லாம் அம்மாவிடம் போய்ச் சொல்லிக்கொண்டிருக்காதே, மனசு கஷ்டப்படும் என்றார். எங்கள் அம்மாவின் மனசு மேல் அவருக்கு இருக்கிற அக்கறையைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வர மாட்டேன் என்று சொன்னேன். அவர் கேட்டது: "அப்போ மேல்சித்தாமூர் கல்யாண ஆல்பத்த யாரு முடிப்பா?"

வீட்டுக்குப் போனபோது அம்மா ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். பொட்டு, ஸ்விட்ச், கம்பி எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. அதெல்லாம் இருக்கட்டும், அந்த ஆள் சொன்னதை மட்டும் அப்படியே திருப்பிச் சொல் என்றாள். சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தாள்.

"அப்போ எம்புள்ள தானா போவல."

"இல்லம்மா. போகச் சொன்னாங்க, போனான்."

அழுவாள் என்று நினைத்தேன். கொண்டையை அவிழ்த்து மறுபடி முடிந்தாள், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள், எழுந்து வெளியே போனாள். தண்ணீர் வருகிற நேரம். குழாயடியில் கூட்டம் இருந்தது. குடம் எடுக்காமல் போகிறாளே என்று நான் வாசல்வரை வந்தேன். அவள் நேராக வரிசைக்குள் போய் நின்று, ஒரு குடம் நிரம்பிக்கொண்டிருந்த குழாயை மூடினாள். குடத்துக்காரி ஏதோ கேட்டாள். தண்ணீர்ச் சத்தம் நின்ற அந்த இடத்தில் எங்கள் அம்மாவின் குரல் இங்கேவரை கேட்டது. முதலிலிருந்து ஆரம்பித்தாள். ட்ரோனை ரோனு என்றுதான் சொன்னாள். இடையில் ஒருத்தி, நீதானேடி கொழுப்பு என்று சொன்னாய் என்றாள். ஆமாம், நான்தான் சொன்னேன், இப்போது மாற்றிச் சொல்கிறேன், எல்லோரும் கேளுங்கள் என்று அம்மா மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.